கழித்தல்

மூரூப்னா தாண்டி மூன்றாவது மதகில்
வண்டியை நிறுத்துகிறேன்.
சோதனைக் குழாய் நாற்பத்தொன்று:
பேரி வரிசைக்கும் வடிகாலுக்கும் நடுவே
மண்ணுக்கு மேலே சரியாக அரை மீட்டர்
வெள்ளைப் பிளாஸ்டிக்.
மூடிக்குள் போன மாதம் செத்த சிலந்தி
இந்த மாதமும் இருக்கிறது.

அளவு நாடாவின் நுனியில்
ஒரு பித்தளைக் குமிழ்,
அடியில் கிண்ணம்போல் குழிந்தது.
இருட்டுக்குள் இறங்கித் தண்ணீரைத் தொட்டால்
களுக் என்னும்.
அவ்வளவுதான் என் கருவி.
அலுவலகச் சுவரில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது,
தோட்டமெல்லாம் சிவப்பும் பச்சையுமாக.
கடைசியில் அதுவும்
இந்தக் களுக்கைக் கேட்டுத்தான்
தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ரெஜெப் டிராக்டரை அணைத்துவிட்டு வந்தார்.
இடக்காது எப்போதோ அதற்குப் போய்விட்டது,
வலக்காதில் பாதி.
இன்று நானே இறக்குகிறேன் என்றார்.
கொடுத்தேன்.
பழம் பறித்துக் காய்த்த விரல்களிடையே
நாடா வழுகி வழுகி இறங்கியது.

எனக்குக் கேட்டது.
அவர் இன்னும் இறக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துவிட்டது."
"எங்கே?"
"ஒன்று எண்பது."
"மறுபடி."

மறுபடியும் ஒன்று எண்பது.
மூன்றாம் முறை கலா கிளிகள் கூட்டமாய்க் கத்திக்கொண்டு போக,
அவை போய்த் தீரும்வரை
குழாய்மேல் குனிந்தபடி இருவரும் காத்திருந்தோம்,
தூங்கும் குழந்தையைப் பார்ப்பவர்கள்போல.

ஒன்று எண்பது.
அதில் குழாயின் அரை மீட்டரைக் கழிக்க வேண்டும்.
ஒன்று முப்பது.

இரண்டு மீட்டருக்குக் கீழே கிடக்கும்வரை
அந்தத் தண்ணீர் யார் வம்புக்கும் போகாது.
மேலே வந்தால்
மண்ணே திரியாகிவிடும்;
உப்பை உறிஞ்சி உறிஞ்சி ஏற்றும்,
வெயில் அதைக் கொளுத்தும்.
மரங்களுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது:
இந்த மார்ச்சில்
ஒவ்வோர் இலையும் ஓரம் மட்டும் கருகி
நடுவில் பச்சையாக நிற்கிறது.
உப்பில்லாப் பண்டம் என்று ஏதோ
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
இங்கே அந்தப் பழமொழி செல்லாது.

"வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து ஆள் வருகிறான்,"
என்றார், வடிகாலைப் பார்த்தபடி.
"கழிக்க மறந்துவிட்டாய்
என்று வைத்துக்கொள்ளேன்."

பொய்கூட இல்லை, யோசித்துப் பாருங்கள்.
நாடா சொன்னதை அப்படியே எழுதுவது.
அரை மீட்டர் மறதி.
ஒன்பது வருடமாக ஒரே கையெழுத்தில் நிரம்பும் படிவம்,
யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

எழுதினேன்.
அவர் தலைகீழாகவே வாசித்தார்: ஒன்று. மூன்று. சுழியம்.
எதுவும் சொல்லவில்லை.
நான் வடிகாலில் இறங்கி போத்தலை மூன்று தரம் அலசி
நான்காம் தரம் நிரப்பி
மீட்டரை முக்கினேன்.
எண் ஏறிக்கொண்டே போய்
இரண்டாயிரத்து நூறில் நின்றது.
மதகுக்கு இந்தப் பக்கம் வாய்க்காலில் வந்தபோது
அது வெறும் எண்பது.

"நான் சொட்டு நீருக்கு மாறி ஆறு வருடமாகிறது,"
என்றார் மேலிருந்து.
"இவ்வளவு தண்ணீர் நான் விடவில்லை."

தெரியும்.
மேற்கே, மேட்டில்,
ஹாலிஸ் தன் லூசர்ன் புல்லுக்கு
விடிய விடியத் திறந்துவிடுவது
இவர் வேருக்கடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
கம்பிவேலி மேலேதான் இருக்கிறது,
கீழே இல்லை.
ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
குழாய் எண், தேதி, ஆழம், உப்பு.
யாருடையது என்று
தண்ணீரைக் கேட்கும் வரி இல்லை.

போத்தலுக்கு ஒட்டுச்சீட்டு எழுதி ஐஸ்பெட்டியில் வைத்தேன்.
மூடியைத் திருகினேன், சிலந்தியோடு.

"அடுத்தது எது?"

"நாற்பத்திரண்டு. ஹாலிஸ் பக்கம்."

ஐஸ்பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்,
சேறு பிடித்த பூட்ஸோடு.

"போகலாம்," என்றார்.
"அவனுக்கு
இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்."